திறந்தவெளி இசையும் கடைவரிசைச் செவியும்

இசைக்குரிய பருவம் மார்கழி என்பது சென்னை நகரத்தார் வழக்கு. அம்மாதத்தில் மண்டபங்களுக்குள் நிகழும் கச்சேரிகளைக் குறித்து நாளேடுகள் பத்தி பத்தியாக எழுதும். ஆலாபனை நீண்டதா, நிரவல் நிறைந்ததா, மிருதங்கம் அடங்கி நின்றதா என்று ஆராய்வதற்குப் பயிற்சி பெற்ற திறனாய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு மக்களில் பெரும்பாலோர் இசை கேட்பது மார்கழியிலும் அன்று, மண்டபத்திலும் அன்று. அறுவடை முடிந்து களம் ஓய்ந்த பின், பங்குனி தொடங்கி வைகாசி வரையிலான கோடை இரவுகளில், வெட்டவெளியிலேயே அவர்கள் கேட்கிறார்கள். அந்த இசையைப் பற்றி எவரும் திறனாய்வு எழுதுவதில்லை. கூட்டம் எத்தனை ஆயிரம் என்று மட்டும் செய்தி வரும். அக்குறையைக் கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். செம்மண் பூமி, சுற்றிலும் முந்திரித் தோப்புகள். கத்தோலிக்கக் கிறிஸ்தவர் மிகுதியாக வாழும் ஊர். அலங்கார அன்னை ஆலயம் அதன் அடையாளம். முந்திரிக் கொட்டை சேரும் காலமும் கொண்டாட்டக் காலமும் இப்பக்கத்தில் ஒன்றையொன்று தழுவியே வருகின்றன. கையில் சிறிது காசு புழங்கும். பகலிலோ வெளியே தலைகாட்ட இயலாது. ஆகவே ஊர் இரவில் நடமாடும். சுற்றுவட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நிகழும். நம்மவர் கந்தூரிகளுக்கோ நிலையான பருவம் இல்லை. பிறைக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்தள்ளி வருவதால், 33 ஆண்டுகளுக்குள் அவை எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். கோடையில் வாய்த்த கந்தூரி இரவுகளை முதியோர் தனியே நினைவில் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

இப்பக்கத்துக் கோடை இரவுக் கச்சேரிகள் பலவற்றை நாம் கேட்டிருக்கிறோம். ஓரிடத்தில் அமர்ந்து கேளாமல், இடம் மாறி மாறி நின்று கேட்பது நம் வழக்கம். மேடைக்கு அருகில் நின்றால், அடுக்கிவைத்த ஒலிப்பெட்டிகளின் அதிர்வு மார்பில் வந்து மோதும்; பாட்டின் சொல் அவ்வதிர்வில் அமிழ்ந்துவிடும். நடுவில் நின்றால் பாட்டும் கருவியும் ஒருவாறு இணங்கிக் கேட்கும். அங்கிருந்து நகர்ந்து, மைதானத்தின் விளிம்பில், தாய்மார் பாய்விரித்துக் குழந்தைகளைக் கிடத்தியிருக்கும் பகுதிக்குச் சென்றால் வேறொரு விந்தை நிகழும். மேளத்தின் இடி மட்டும் வந்துகொண்டிருக்கும். பாடகர் என்ன பாடுகிறார் என்பது தெரியாது. காற்று ஒருபுறம் திரும்பினால் ஒரு சொல் வரும். மறுபுறம் திரும்பினால் அதுவும் போய்விடும். மேடையில் இருப்பவருக்கு இது தெரிவதில்லை. முன்வரிசையில் நாற்காலி பெற்ற ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிவதில்லை. கச்சேரி நன்றாக இருந்தது என்று மறுநாள் தீர்ப்பு வழங்குவோர் அவர்களே.

அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. திறந்தவெளி இசையை மதிப்பிட வேண்டிய இடம் மைதானத்தின் கடைசி வரிசை என்பது நம் கருத்து. இதற்கு நாம் புதிதாக ஓர் அளவுகோல் செய்ய வேண்டியதில்லை. நம் பழைய கிதாபுகளிலேயே அது இருக்கிறது.

இசை கூடுமா, கூடாதா என்ற வினாவில் நம் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை வாசகர் அறிவர். அவ்வழக்கை நாம் ஈண்டு எடுக்கவில்லை. அரபியர் வாழ்வில் தொன்றுதொட்டு இருந்த 'ஹுதா' என்னும் பாட்டைக் குறித்து மட்டும் சிறிது சொல்ல வேண்டும். ஒட்டகக் கூட்டத்தை ஓட்டிச் செல்வோர் பாலைவெளியில் பாடும் பாட்டு அது. கூரையும் சுவரும் அறியாத இசை. பாட்டின் நடைக்கேற்ப ஒட்டகங்கள் அடியெடுத்து வைக்கும். பாட்டு விரைந்தால் அவையும் விரையும். நாயகம் (ஸல்) அவர்களின் பயணமொன்றில் அன்ஜஷா என்பார் இவ்வாறு பாடி ஓட்டிச் சென்றார். ஒட்டகங்கள் மீது பெண்கள் இருந்தனர். அப்போது நாயகம் அவர்கள் அவரை அழைத்து, கண்ணாடிக் கலங்களைக் கொண்டு செல்கிறாய், மெல்ல ஓட்டு என்னும் கருத்துப்படச் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருக்கிறது. இதற்கு விரிவுரை எழுதியவர்கள் இரு வகையாகப் பொருள் கண்டனர். இனிய குரல் பெண்களின் உள்ளத்தைக் கலக்கிவிடும் என்பதற்காகச் சொன்னது என்பது ஒன்று. ஒட்டகங்கள் விரைந்தால் மேலே இருப்போர் குலுங்கித் துன்புறுவர் என்பதற்காகச் சொன்னது என்பது மற்றொன்று. நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. பாட்டை நிறுத்தும்படி அவருக்குச் சொல்லப்படவில்லை. பாடுகிறவன் தன் பாட்டால் நகர்கின்ற கூட்டத்தில் மிக மெலிந்தவரை நினைவிற்கொள்ள வேண்டும் என்றே சொல்லப்பட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யா உலூமித்தீனில், செவிமடுத்தலின் ஒழுங்குகளைப் பற்றிய பகுதியில், இதற்கு அண்மையான ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார்கள். பாலைவெளியில் ஒரு குடியினரிடம் விருந்தாளியாகச் சென்ற பெரியார் ஒருவர், கூடாரத்தின் முன் ஒட்டகங்கள் இறந்து கிடப்பதையும் ஓர் அடிமை விலங்கிடப்பட்டிருப்பதையும் காண்கிறார். அவன் செய்த குற்றம், நன்றாகப் பாடியது. பெருஞ்சுமை ஏற்றிய ஒட்டகங்கள் அவன் குரலில் மயங்கி மூன்று நாள் வழியை மிக விரைந்து கடந்து வந்து, சுமை இறக்கியதும் மாண்டு போயின. கஸ்ஸாலி அவர்கள் இதைக் குரலின் ஆற்றலுக்குச் சான்றாகவே எடுத்தாள்கிறார்கள். ஆயினும் இறந்து கிடந்த ஒட்டகங்கள் நம் கண்ணை விட்டு அகல்வதில்லை.

அதே பகுதியில், கி.பி. 910இல் மறைந்த ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் கருத்தாக ஒரு வரையறை காணப்படுகிறது. செவிமடுப்பதற்குக் காலம், இடம், உடனிருப்போர் ஆகிய மூன்றும் பொருந்தி வர வேண்டும் என்பது அது. ஸூஃபியாக்களின் சிறு அவைகளைக் கருதிச் சொன்னதாயினும், பல்லாயிரவர் கூடும் மைதானத்திற்கு அதைப் பொருத்திப் பார்த்தால் வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது.

காலத்தை முதலில் பார்ப்போம். கோடைத் திருவிழாவின் இசை இரவில் நிகழ்வதற்கு வெயில் மட்டும் காரணம் அன்று. பகலில் கொதிக்கும் மண் தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்றில் ஒலி விரைந்து செல்லும். மேலே உள்ள குளிர்ந்த காற்றில் மெல்லச் செல்லும். இந்த வேறுபாட்டால் ஒலி மேல்நோக்கி வளைந்து, தொலைவில் இருப்போர் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. பொழுது சாய்ந்து மண் குளிர்ந்த பின் நிலைமை தலைகீழாகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேற்காற்று வெதுவெதுப்பாகவும் இருக்க, ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு வந்து சேர்கிறது. அடுத்த ஊர்க் கூத்தின் பாட்டு நள்ளிரவில் நம் திண்ணைக்கு வந்து கேட்பது இவ்வாறே. நம் முன்னோர் இந்த அறிவியலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தார்கள்.

இடத்திற்கு வருவோம். திறந்தவெளியில் இசை மக்களைச் சேர்வதற்கு இரு வழிகள் உள்ளன. மக்கள் இசையை நாடி வந்து கூடுவது ஒன்று. இசை தெருத்தெருவாக மக்களை நாடிச் செல்வது மற்றொன்று. சந்தனக்கூடு ஊர்வலமும், கோயில் சுவாமி புறப்பாடும், மாதா ஆலயத் தேர்பவனியில் செல்லும் வாத்தியக் குழுவும் இரண்டாவது வகையின. இங்கே கடைசி வரிசை என்பதே இல்லை. முதல் தெருவில் நிற்பவனுக்கும் கடைக்கோடி வீட்டு வாசலில் நிற்கும் மூதாட்டிக்கும் இசை ஒரே நெருக்கத்தில் வந்து சேர்கிறது. நாகஸ்வரமும் தவிலும் இதற்காகவே அமைந்த கருவிகள். இடக்கையில் பூவரசங்கழியும் வலக்கை விரல்களில் கூடும் மாட்டிக்கொண்டு வாசிக்கும் தவில், தெருவின் இரைச்சலை வென்று நிற்கும். அறைக்குள் கேட்டால் செவி கூசும். வெளியில் கேட்டால் அளவாக இருக்கும்.

இவ்விடத்தில் ஷேக் சின்ன மௌலானா அவர்களை நினைவுகூராமல் செல்வது முறையன்று. ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்து, தஞ்சைப் பாணியில் பற்றுக்கொண்டு நாச்சியார்கோவில் இராஜம் பிள்ளை, துரைக்கண்ணுப் பிள்ளை ஆகியோரிடம் பயின்று, திருவரங்கத்தையே தம் ஊராகக் கொண்டவர். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்; 1999இல் மறைந்தார். அவர் மாணாக்கரான ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் இணையருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மௌலானாவை அரங்கினுள் கேட்டோர் அவருடைய வாசிப்பின் நிதானத்தைப் புகழ்வர். நாகஸ்வரத்தைப் பேரொலிக் கருவியாக மட்டும் எண்ணி முழங்குவோர் நடுவில், வெளியிடத்திலும் இராகத்தை அவசரப்படாமல் விரித்தவர் அவர். உரக்க வாசிப்பதும் தொலைவுக்குக் கேட்கும்படி வாசிப்பதும் வேறுவேறு என்பதை அவர் வாசிப்பில் உணரலாம்.

மக்கள் வந்து கூடும் மைதானத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று மேடையருகே ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், முன்னால் இருப்போர் செவி கெடும். பின்னால் இருப்போருக்கோ இடி மட்டும் போய்ச் சேரும். ஏனெனில் மேளத்தின் தாழ்ந்த ஒலி தடைகளைச் சுற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல வல்லது. சொல்லைத் தெளிவாக்கும் மெல்லெழுத்துகளின் நுண்ணொலியும் வல்லெழுத்துகளின் விளிம்பும் வழியிலேயே தேய்ந்து போகும். பழைய மைக் செட்காரர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கூம்பு ஒலிபெருக்கிகளைக் கம்பங்களிலும் வேப்பமரங்களிலும் தெரு நெடுகக் கட்டி, கம்பி இழுத்துச் செல்வார். ஒவ்வொன்றும் அடுத்துள்ளவர்க்குச் சொல்லும். அக்கூம்புகளின் ஓசை வெண்கலத்தன்மை உடையது, இனிமை குறைந்தது என்பது உண்மை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்வதால், அருகிலிருக்கும் கூம்பிலிருந்தும் தொலைவிலிருக்கும் கூம்பிலிருந்தும் ஒரே சொல் இருமுறை வந்து விழும் குறையும் உண்டு. ஆயினும் கடைசி வீட்டுக்கும் சொல் போய்ச் சேர்ந்தது. இன்றைய பெட்டிகளில் ஓசை நயம் மிகுதி; ஆனால் நம் ஊர்களில் அவற்றை மேடையின் இருபுறமும் மலையாக அடுக்குவதோடு பணி முடிந்ததாகக் கருதிவிடுகிறார்கள்.

இந்தக் கூம்புகளின் காலத்தில், இந்த இரட்டை ஒலியின் நடுவே, மைதானத்துக்கென்றே ஒரு கலையை வளர்த்தெடுத்தவர் நாகூர் இ. எம். ஹனிபா அவர்கள். 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்த இப்பெருமகனாரை நம் சமுதாயம் பக்திப் பாடகராகப் போற்றுகிறது. திராவிட இயக்கத்தார் மாநாட்டுப் பாடகராகப் போற்றுகின்றனர். இசைக் கலைஞராக அவரை ஆராய்ந்தோர் சிலரே. கர்நாடக இசையின் அளவுகோலை எடுத்து வந்து, கமகம் போதாது, இராக விரிவு இல்லை என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். மண்டபத்துத் தராசில் மைதானத்தை நிறுப்பது அது.

அவர் பாட்டைக் கடைவரிசையில் நின்று கேட்டவர்களுக்கு அதன் அமைப்பு விளங்கும். முதலாவது, உச்சத்தில் ஏறி அங்கேயே தயங்காமல் நிற்கும் குரல். கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிடும். நடு ஒலிகளையும் மேலொலிகளையுமே வெளியிடும். ஹனிபாவின் குரல் அந்தக் கருவிக்கென்றே வாய்த்தது போன்றது. இரண்டாவது, சொல் தெளிவு. ழகரமும் ளகரமும் லகரமும் அவர் வாயில் ஒன்றோடொன்று குழம்பியதில்லை. மூன்றாவதைத்தான் நாம் பெரிதாகக் கருதுகிறோம். அவர் ஓர் அடியைப் பாடி, அதன் இறுதியை நீட்டி நிறுத்தி, பின்னர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியைக் கருவிகள் நிரப்பும். தொலைவிலிருந்து வரும் இரண்டாம் ஒலி அந்த இடைவெளிக்குள் வந்து அடங்கிவிடும். அடுத்த சொல்லின் மீது ஏறி அதைக் கெடுக்காது. இதை அவர் கணக்கிட்டுச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. இரவுதோறும் மைதானத்தில் பாடிப் பாடி, எது போய்ச் சேர்கிறது, எது சேர்வதில்லை என்பதைக் குரலே கற்றுக்கொண்டது எனலாம்.

அவருடைய கேட்போரில் பெரும்பகுதியினர் மைதானத்தில் இல்லாதவர்கள் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். நம் பெண்மக்கள் மீலாது மேடையின் முன் வந்து அமர்ந்து கேட்டவர்கள் அல்லர். மாடியிலும், முற்றத்திலும், கொல்லைப்புறத்திலும், தட்டி மறைப்புக்குப் பின்னாலும் இருந்து கேட்டார்கள். பாடகரின் முகத்தைப் பாராமல், காற்று கொண்டுவந்து கொடுத்ததை மட்டும் கேட்டு, அவருடைய பாடல்களை முழுமையாக மனனம் செய்துகொண்டவர்கள் அவர்களே. பிள்ளைகளுக்கு அவற்றைத் தாலாட்டாகப் பாடியவர்களும் அவர்களே. நம் இல்லங்களில் இஸ்லாமியத் தமிழ்ப் பாடல் நிலைபெற்றதற்கு மேடையைவிட இந்த மறைவிடங்களே காரணமாயின என்று சொன்னால் மிகையாகாது.

குறை சொல்வதானால் சொல்லலாம். இஸ்லாமியப் பாடல்கள் பலவற்றுக்குத் திரைப்பட மெட்டுகளையே எடுத்துப் போர்த்திய வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. அவர் பாடியவற்றிலும் அதன் நிழல் உண்டு. மெட்டு முன்பே செவிக்குப் பழகியிருந்தால் தொலைவிலிருப்போர் பாட்டை எளிதில் பின்தொடர்வர் என்ற ஒரு நன்மை அதில் இருந்தது. ஆனால் தனக்கென ஒரு மெட்டுச் செல்வத்தைத் தேடும் முயற்சி அதனால் தளர்ந்தது. அவருக்குப் பின் வந்தோர் பலர் அவருடைய உரத்தை எடுத்துக்கொண்டனர், இடைவெளியை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய பாடகர்கள் சிலரை மைதானத்து விளிம்பில் நின்று கேட்டால், மூச்சுவிடாமல் ஓடும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிடுகின்றன.

மெல்லிசைக் குழுவினர் கச்சேரியைத் தொடங்கும்போது மும்மதப் பாடல்களைப் பாடுவது தமிழ்நாட்டில் ஊன்றிய வழக்கம். பிள்ளையார் பாட்டு ஒன்று, மாதா பாட்டு ஒன்று, அவற்றோடு பெரும்பாலும் 'இறைவனிடம் கையேந்துங்கள்'. கிறிஸ்தவர் நிறைந்த வரதராஜன்பேட்டைப் பக்கத்திலும் இப்பாட்டை நாம் கேட்டிருக்கிறோம். யாரோ ஓர் இளைஞர், ஹனிபாவின் குரலில் கால் பங்கும் இல்லாதவர், பாடுகிறார். அதுவரை இடியாகவே வந்துகொண்டிருந்த ஒலி, அந்தப் பாட்டுக்கு மட்டும் சொல்லாகத் திருந்தி விளிம்புவரை வருகிறது. பாட்டின் கட்டமைப்பே அப்படி. யார் பாடினாலும் அது நடந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்து வரும் திரைப்பாட்டு மீண்டும் இடியாகிவிடுகிறது.

உடனிருப்போரைப் பற்றிய மூன்றாவது நிபந்தனைக்கு, கடல் கடந்த நாட்டிலிருந்து ஒரு சான்று தருவோம். கோடைகாலத்தில் திறந்தவெளியில் நாட்கணக்கில் இசைவிழா நடத்தும் வழக்கம் அமெரிக்காவில் 1960களில் பெருகியது. சிதார் மேதை பண்டித ரவிசங்கர் அவ்விழாக்களுள் இரண்டில் வாசித்தார். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஒரு பிற்பகல் முழுவதும் அவருக்கே ஒதுக்கப்பட்டது. மக்கள் இருக்கைகளில் அமர்ந்து, பழக்கமில்லாத இசையை அமைதியாகக் கேட்டனர். அந்த அனுபவத்தை அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். ஈராண்டு கழித்து 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து உட்ஸ்டாக் விழா. பெத்தல் என்ற ஊரில் ஒரு பால்பண்ணை நிலத்தில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கூடினர். வேலிகள் சாய்ந்தன, நுழைவுக் கட்டணம் கைவிடப்பட்டது. முதல் நாள் இரவு மழையில் ரவிசங்கர் வாசித்தார். சேற்றிலும் போதையிலும் கிடந்த அக்கூட்டத்தின் முன் வாசித்ததைப் பற்றி அவர் பிற்காலத்தில் மனவருத்தத்தோடே பேசினார். கலைஞர் ஒருவரே, கருவி ஒன்றே, பருவமும் கோடையே. வேறுபட்டது உடனிருப்போரின் நிலை. உட்ஸ்டாக்கை ஒரு தலைமுறையின் பெருநாளாக எழுதுவோர் பலர். அது இசைக்கும் பெருநாளாக இருந்ததா என்று கேட்க ரவிசங்கருக்கு உரிமை இருந்தது.

வரதராஜன்பேட்டையிலிருந்து அரியலூர், திருமானூர் வழியாகக் கொள்ளிடம் கடந்தால் திருவையாறு. கோடையில் அன்று, தை மாதத்தை ஒட்டியே அங்கே தியாகராஜர் ஆராதனை நிகழும். 1847இல் மறைந்த அவருடைய சமாதியருகே, காவிரிக் கரையில், பந்தலின் கீழ் இசைவாணர் பலநூற்றுவர் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவர். நுழைவுச் சீட்டு இல்லை. ஆயினும் ஒரு காலத்தில் பெண்கள் அங்கே பாட இயலாதிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைச் செலவிட்டுச் சமாதியைக் கோயிலாக எழுப்பியதோடு, பெண்களுக்கும் அங்கே பாடும் இடம் பெற்றுத் தந்தார். கட்டணமில்லாத பந்தலிலும் ஒரு வேலி இருந்ததையும், அதை ஒரு பெண்மணி அகற்றினார் என்பதையும் நம் பெண்மக்கள் அறிந்திருப்பது நன்று.

இனி, மனம் வருந்தி எழுத வேண்டிய ஒன்று. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர்ப் பக்கத்துத் திறந்தவெளியில், ஏ. ஆர். ரஹ்மான் அவர்களின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்ட் 12இல் நடந்திருக்க வேண்டியது. மழையால் தள்ளி வைக்கப்பட்டது. நாம் அங்குச் செல்லவில்லை. சென்று வந்தோர் சொன்னவையும் நாளேடுகள் எழுதியவையும் போதுமானவை. பல விலைகளில் சீட்டு வாங்கியவர்கள் தம் பகுதியை அடைய முடியாமல் வாயிலிலேயே திரும்பினர். நெரிசலில் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தனர். பெண்கள் சிலர் தகாத முறையில் தீண்டப்பட்டதாக வெளிப்படையாகவே எழுதினர். சாலை அடைபட்டு முதலமைச்சரின் வண்டியும் அதில் சிக்கியது. உள்ளே இடம் பெற்றவர்களிலும், பின்பகுதியில் இருந்தோர் ஒன்றும் கேட்கவில்லை என்றனர். முன்பகுதியில் இருந்தோர் அருமை என்றனர். ரஹ்மான் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை. வருத்தம் தெரிவித்து, நுழைய இயலாதவர்கள் தம் சீட்டின் படியை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொண்டார். அது பெருந்தன்மையே.

ஆயினும் திறனாய்வாளன் கேட்க வேண்டியது வேறு. ரஹ்மானின் இசை ஒலிப்பதிவுக் கூடத்தில் பிறந்தது. இழை மேல் இழையாக, மெல்லிய ஓசைகளை அடுக்கி, அருகில் வைத்துக் கேட்கும் செவிக்காக நெய்யப்பட்டது. தனிமையில் கேட்டால் அதன் நுட்பம் ஒவ்வொன்றாக விரியும். அந்த நெய்தலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பல்லாயிரவர் முன் திறந்தவெளியில் விரித்தால், நுண்ணிழைகள் முதலில் மறையும்; மிஞ்சுவது தாளம். வெளியிடத்திற்கென்று அப்பாடல்களை வேறு வகையாக, இழை குறைத்து, இடைவெளி கூட்டி அமைக்க அவரால் முடியாதா? முடியும், அவரைவிட அத்தொழில் அறிந்தோர் குறைவு. ஆனால் அவ்வாறு அமைக்கும்படி எவரும் கேட்பதில்லை. வந்தோர் அனைவரும் முன்பே அப்பாட்டை மனத்தில் வைத்திருக்கிறார்கள். மேடையிலிருந்து வருவது அதை நினைவூட்டினால் போதும் என்றிருக்கிறார்கள். ஆதலால் நிகழ்ச்சியை நடத்துவோர், செவிகளை எண்ணாமல் தலைகளை எண்ணுகின்றனர். அன்று ஹுதா பாடிய அடிமையின் குரலில் குறையில்லை. சுமக்கும் அளவுக்கு மேல் ஏற்றப்பட்ட சுமையைப் பற்றித்தான் எவரும் கேட்கவில்லை. பனையூரிலும் கலங்கிப் போனவர்கள் கண்ணாடிக் கலங்களே: பெண்களும் பிள்ளைகளும் முதியோரும்.

நம் ஊர்ப் பக்கத்து நிகழ்ச்சிகள் அத்துணைப் பெரியன அல்ல. ஆனால் அதே வழியில் நடை பழகுகின்றன. வாடகைக்கு வரும் பெட்டிகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடுகிறது. விழாவின் தரமே பெட்டிகளின் உயரம் என்றாகிவிட்டது. கேட்க விரும்பாத செவிகளும் ஊரில் இருக்கின்றன என்பதை இங்கே மறந்துவிடுகிறார்கள். கோடை என்பது தேர்வுக் காலமும் ஆகும். கைக்குழந்தைகளும் நோயாளிகளும் அந்த வெக்கையில் கண்ணயர்வதே அரிது. குளிர்ந்த இரவுக் காற்று பாட்டை அடுத்த ஊருக்குக் கொண்டு செல்வது போலவே இடியையும் கொண்டு செல்லும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கென்று ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. விடிய விடியக் கேட்டுப் பழகிய தலைமுறைக்கு இது இழப்பாகத் தோன்றும். நமக்கும் ஓரளவு அவ்வாறே தோன்றுகிறது. மண் குளிர்ந்து ஒலி நன்றாக இறங்கி வரும் வேளையில் கருவியை அணைக்கச் சொல்கிறார்கள். ஆனால் இன்றைய பெட்டிகளின் இடியை நள்ளிரவுக்குப் பின்னும் பொறுத்துக்கொள் என்று பக்கத்து வீட்டு நோயாளியிடம் சொல்வதற்கு நமக்கு நாவெழவில்லை.

இவ்வாண்டுக் கோடையில் விழா எடுக்கும் குழுவினர், எச்சமயத்தாராயினும், ஒன்று செய்து பார்க்கலாம். மேடைப் பெட்டிகளில் இரண்டைக் குறைத்து, அவற்றை மைதானத்தின் நடுவிலும் தாய்மார் அமரும் பகுதியிலும் தாழ்ந்த ஒலியில் வைக்கட்டும். இரண்டாம் ஒலி வந்து மோதாமல், நொடியின் சிறு பகுதி தாமதித்து ஒலிக்கச் செய்யும் கருவி இப்போது ஒலியமைப்பாளர்களிடம் இருக்கிறது. கேட்டால் பொருத்தித் தருவார்கள். பாட்டுத் தொடங்கிய பின் குழுவில் ஒருவர் எழுந்து கடைசிப் பாய்வரை நடந்துபோய், அங்கே அமர்ந்திருக்கும் தாயாரிடம் சொல் விளங்குகிறதா என்று கேட்டு வரட்டும்.